வெப்பத்திற்கு வழி விடுங்கள்



கோவையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் நம் பகுதிக்கு வந்துள்ளது. பத்தொன்பது வயதான அவருடைய மகன் ஒரு மோட்டார் பட்டறையில் தொழில் பழகி வருகிறார். அங்கே பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பழுதுபார்க்க வந்திருக்கிறதாம். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயைச் சுற்றி வெண்ணிறத்தில் ஒரு நாடா கட்டப்பட்டிருந்தது. அதைப் பிரித்தெடுத்த நாள்களில் மகனின் சட்டையெல்லாம் வெண்துகளாக இருந்தது. "இரும்புக் குழாய்க்கு ஆடை எதற்கு? அந்தத் தூசியினால் என் பிள்ளைக்குத் தீங்கு உண்டா?" என்று அச்சகோதரி கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் ஒரு சொல். தீங்கு உண்டாகக்கூடும். பழைய கார்களில் அவ்வாறு கட்டப்பட்ட வெண்ணிற நாடா பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். எனவே அந்த உடைகளை உதற வேண்டாம். உலர்ந்த நிலையில் மற்றத் துணிகளோடு சேர்க்க வேண்டாம். நீரில் நனைத்துத் தனியே அலசுங்கள். இதன் காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம். குழாய்க்கு ஆடை கட்டியதன் நோக்கம் புரிந்தால்தான், அதை எவ்வாறு தீங்கின்றிச் செய்வது என்பதும் புரியும்.

நாம் எரிக்கும் பெட்ரோல் எங்கே போகிறது?

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், அதில் வண்டியை இழுக்கும் வேலைக்குப் பயன்படுவது ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ரூபாய் மட்டுமே. இன்னொரு முப்பது ரூபாய் அளவுக்கு எஞ்சினைச் சுற்றியுள்ள நீரும் ரேடியேட்டரும் வெப்பமாக வாங்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, சைலன்சர் குழாயின் வழியே சூடான புகையாக வெளியேறுகிறது. பெட்ரோல் எஞ்சின் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதலாக மனிதன் இக்கணக்கோடு போராடி வருகிறான்.

எஞ்சினை விட்டு வெளிவரும் புகையின் வெப்பம், கடும் உழைப்பின்போது 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதை முதலில் ஏந்திக்கொள்வது 'மேனிஃபோல்டு' எனப்படும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய். நம் வீட்டு இட்லிப் பானையில் கொதிக்கும் நீர் 100 டிகிரி. இந்த இரும்போ இருட்டில் பார்த்தால் மங்கிய செந்நிறமாகக் கனலும் நிலையைக்கூட எட்டிவிடும்.

அந்தக் கனலுக்கு ஒரு சாண் தொலைவில் என்னென்ன உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய், மின்கம்பிகள், கார்புரேட்டர், சில வண்டிகளில் பிரேக் எண்ணெய்க் கிண்ணம்! சாதாரண பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரியில் கொதிக்கும். நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டானால், பிரேக்கை மிதிக்கும் கால் வெற்றிடத்தில் இறங்கும். பெட்ரோல் ஆவியோ, தீப்பொறி ஏதுமின்றி, ஏறத்தாழ 280 டிகிரிச் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ள வல்லது. ஆகவே இது வண்டியின் அழகைப் பற்றிய செய்தியன்று. அதில் அமர்ந்திருப்பவர்களின் உயிரைப் பற்றிய செய்தி.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

லாரிக்கும் அம்பாசிடருக்கும் இந்த வெப்பம் உண்டு. ஆனால் அவற்றின் பானட்டுக்குள் இடம் தாராளம். ஸ்போர்ட்ஸ் காரோ தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் வடிக்கப்பட்டது. பெரிய அடுப்பைச் சிறிய அறையில் வைத்ததைப் போன்ற நிலை அதற்கு.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட 'எம்.ஜி.பி' என்னும் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினில் பெட்ரோல் உள்ளே செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. கார்புரேட்டர்கள் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே வீற்றிருக்கின்றன. இடையில் ஒரு மெல்லிய தடுப்புத் தகடு மட்டுமே காவல். 1961இல் வெளிவந்த ஜாகுவார் 'இ-டைப்' காரில் இவ்விரு வழிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. அப்படியும் வெப்பம் தேங்கும் என்பதனால்தான் அதன் நீண்ட பானட்டின் மேல் வரிவரியாகக் காற்றுத் துளைகள் வைத்தார்கள். பலர் அவற்றை வெறும் அழகு வேலை என்று எண்ணுகின்றனர். 1954இல் வந்த மெர்சிடிஸ் '300 எஸ்.எல்.' காரின் கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும். ஆனால் அதன் கண்ணாடியைச் சுழற்றி இறக்க இயலாது, கழற்றித்தான் வைக்கவேண்டும். ஆதலால் எஞ்சினின் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து உள்ளே இருப்பவரை வாட்டிவிடும் என்பது அக்காரைப் பற்றிய பழைய குறை.

இவையெல்லாம் குளிர்நாட்டுச் சாலைகளுக்காகப் பிறந்தவை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கோவைக்குக் கிடைத்த பெரும் கொடையே. என்றாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் அவிநாசி சாலையின் சிக்னலில் வண்டி நிற்கும்போது அக்காற்று பானட்டுக்குள் புகுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பாதை இன்னும் கடுமையான சோதனை. ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திற்கு ஏறவேண்டும். எஞ்சினுக்கு முழு உழைப்பு. வண்டியின் வேகமோ குறைவு. எனவே உட்புகும் காற்றும் குறைவு. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கிறது. பர்லியாறு தாண்டித் தேநீருக்காக நிறுத்திய பழைய கார் மீண்டும் கிளம்ப மறுப்பதன் மர்மம் இதுவே. எஞ்சின் நின்றவுடன் மின்விசிறியும் நீரோட்டமும் நின்றுவிடுகின்றன. ஆனால் மேனிஃபோல்டின் சூடு நிற்பதில்லை. அது மேலெழுந்து கார்புரேட்டரைச் சுடுகிறது. உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. 'ஏர் லாக் ஆகிவிட்டது' என்று ஓட்டுநர்கள் சொல்வார்களே, அது உண்மையில் பெட்ரோலின் ஆவி. பானட்டைத் திறந்துவைத்து அரைமணி நேரம் பொறுத்திருப்பதே அதற்கு ஏற்ற மருந்து.

கோவை மண்ணுக்கு இத்தகைய கலை புதிதன்று. 1920ஆம் ஆண்டில் பேருந்துத் தொழிலில் இறங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை, 2015இல் அவிநாசி சாலையில் பழைய கார்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தது. நூற்பாலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை வடித்து, எளிய இளைஞர்களுக்கும் அந்த விளையாட்டின் கதவைத் திறந்துவிட்டார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய திறந்த பந்தயக் காரில் ஓடும் காற்றே வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடும். மூடிய பானட்டோடு சாலையில் நின்றும் ஊர்ந்தும் செல்லும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வசதி இல்லை. அதற்கு மனிதன்தான் வழி செய்து கொடுக்கவேண்டும்.

வெப்பத்தை அழிக்க முடியாது

இங்கேதான் பலரும் தவறிவிடுகின்றனர். குழாயின்மேல் எதையாவது சுற்றிவிட்டால் வெப்பம் ஒழிந்தது என்று எண்ணுகின்றனர். வெப்பம் ஒழிவதில்லை, ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் வெளிப்படும். ஆகவே அடைப்பதைவிட வழி அமைப்பதே அறிவுடைமை. பட்டறைக்காரர்கள் கடைப்பிடிக்கவேண்டிய வரிசையும் இதுவே.

முதலாவது, தேவையற்ற வெப்பம் பிறக்காமல் தடுத்தல். எஞ்சினின் தீப்பொறி நேரம் பின்தங்கியிருந்தால், எரிய வேண்டியது உள்ளே எரிந்து முடியாமல் குழாய்வரை எரிந்துகொண்டே வரும். பெட்ரோல் கலவை அளவுக்குக் குறைந்தாலும் சூடு ஏறும். இன்று நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. பழைய கார்புரேட்டர் இதை அறியாது, பழைய அளவிலேயே ஊட்டும், கலவை மெலிந்துவிடும். அன்றியும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்து வெடிக்க வைக்கும். எனவே கார்புரேட்டரைத் திருத்தி அமைப்பதும், பெட்ரோல் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றுவதும் எல்லாவற்றுக்கும் முந்திய கடமை. செலவு குறைவு, பயன் மிகுதி.

இரண்டாவது, காற்றுக்கு வழி. உள்ளே வரும் காற்று வெளியேறவும் இடம் வேண்டும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடைத்துக் காற்றை அதன் ஊடாகவே செலுத்துவது, பானட்டின் துளைகளைத் தூசியும் வண்ணமும் அடைத்துவிடாமல் காப்பது, தனியே இயங்கும் மின்விசிறி ஒன்றைப் பொருத்துவது ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது, இடையே தடுப்பு. சூடான பொருள் தன்னைச் சுற்றிலும் கதிர்களாக வெப்பத்தை வீசுகிறது. இதற்கொரு கணக்கை 1879இல் ஆஸ்திரிய அறிஞர் ஸ்டெஃபான் கண்டறிந்தார். குழாயின் சூடு 300 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்கு உயர்ந்தால், வீசும் கதிர் இருமடங்கு ஆவதில்லை. ஐந்து மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது! ஆனால் பளபளப்பான உலோகத் தகடு, தன்மேல் விழும் அக்கதிரில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மெருகேற்றிய அலுமினியத் தகடு போதும். அதைக் குழாயோடு ஒட்டாமல், ஒரு விரல் அகலமாவது இடைவெளி விட்டுப் பொருத்தவேண்டும். அந்த இடைவெளியில் ஓடும் காற்றே காவலன். 1992இல் அறிமுகமான 'மெக்லாரன் எஃப் 1' காரில் எஞ்சின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடே ஒட்டினார்கள். சுமார் 16 கிராம், அதாவது இரண்டு பவுன் செலவாயிற்று என்பர். நம் வீடுகளில் கழுத்துக்குப் போகும் தங்கம் அங்கே காரின் வெப்பத்தைத் திருப்பியடிக்கப் போயிற்று! நமக்கு அலுமினியமே போதுமானது.

நான்காவதாகவே குழாய்க்கு ஆடை வருகிறது. சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்து வண்டியின் பின்புறம்வரை ஓட்டிச் செல்வது அதன் நோக்கம். புகை சூடாக இருந்தால் விரைந்து ஓடும். பானட்டுக்குள்ளும் சூடு குறையும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உடுத்திய குழாய் தன் சூட்டை வெளியே விட முடியாமல் தானே மேலும் காய்கிறது. மழையில் நனைந்த நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, சாதாரண எஃகுக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து உதிர்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் ஒரு பகுதி மட்டும் மிகுதியாகக் காய்ந்தால் அது வெடிப்பு விடும். இரும்பின் இக்குணம் நம் கோவை ஃபவுண்டரித் தொழிலாளருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெடித்த இடத்திலிருந்து சூடான புகை சீறும். அத்தோடு மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சும் காருக்குள் புகும். நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகப் பற்றோடு இந்நச்சைப் பிடித்துக்கொள்ளும். கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்பதும் இதனாலேயே.

ஆகவே வார்ப்பிரும்புக்கு ஆடையைவிட, வெப்பம் தாங்கும் பீங்கான் பூச்சு சிறந்தது. மெல்லிய எஃகுக் குழாய்க்குக் கட்டத்தான் வேண்டுமெனில், கண்ணாடி இழையாலோ பசால்ட் என்னும் எரிமலைப் பாறை இழையாலோ செய்த நாடாக்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றையும் நீரில் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்தே சுற்றவேண்டும்.

கல்நார் என்னும் மறைந்திருக்கும் பகை

இப்போது அத்தாயின் கேள்விக்கு முழு விடை. சென்ற நூற்றாண்டில் வெப்பத்தைத் தடுக்கக் கல்நாரைவிட மலிவான பொருள் கிடைக்கவில்லை. சைலன்சர் நாடாவில், கேஸ்கெட்டில், பிரேக் ஷூவில், கிளட்ச் தகட்டில், தடுப்புத் தகட்டின் உட்புறத்தில் என எங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். எரியாது, உருகாது, மக்காது. அதன் பெருமையே அதன் கொடுமையும் ஆயிற்று. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்ணிழை மூச்சோடு நுரையீரலுக்குள் சென்றால் அங்கும் அது மக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் தங்கிப் புண்ணாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் வகையில் எல்லாக் கல்நாரையும் சேர்த்துள்ளது. நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். பத்தொன்பது வயதில் சுவாசித்தது ஐம்பது வயதில் வந்து கதவைத் தட்டும்.

இதை உணர்ந்தே நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம், அரசியல் சட்டம் தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் உடல்நலப் பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. நாற்பது ஆண்டுகள் என்றதன் பொருளை எண்ணிப் பாருங்கள்! ஆனால் தெருவோரப் பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைக்குப் பதிவேடு வைப்பவர் யார்? அவன் பெற்றோரும் முதலாளியுமே அப்பொறுப்பை ஏற்கவேண்டும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை ஓர் அமானிதம் அல்லவா?

இன்னொரு செய்தி இல்லத்தரசிகளுக்கானது. 1965இல் இலண்டனில் வெளியான ஓர் ஆய்வு, கல்நார்த் தொழிற்சாலைக்குள் வேலையே செய்யாத, தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினர் சிலரும் அந்நோய்க்கு ஆளானதைக் காட்டிற்று. அவர்களுள் கணவரின் வேலை உடையைத் துவைத்த மனைவியரும் இருந்தனர். எனவேதான் முதலிலேயே உடையை உதற வேண்டாம் என்று சொன்னோம்.

அச்சகோதரியின் மகன் செய்யவேண்டியவை இவை. பழைய காரில் வெண்ணிற அல்லது சாம்பல்நிற நாடாவையும் அட்டையையும் கண்டால், அது கல்நார் என்றே கொள்ளவேண்டும். உலர்ந்த நிலையில் பிய்க்கக்கூடாது. நன்கு நீர் தெளித்து, ஊறியபின் மெதுவாகப் பிரித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டி, கல்நார் என்று எழுதிவைத்து, அபாயக் கழிவாகவே ஒப்படைக்கவேண்டும். கம்ப்ரஸர் காற்றால் ஊதவோ, துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த இழையைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டியுள்ள முகக்கவசம் தேவை. வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வீடு திரும்பவேண்டும். சில நாள்கள் பட்ட தூசியினால் நோய் வந்தே தீரும் என்று கலங்கவேண்டியதில்லை. பட்ட அளவும் காலமும் கூடக்கூடத்தான் ஆபத்து கூடும். இன்று நிறுத்தினாலும் இலாபமே. புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே விட்டொழிக்கட்டும். கல்நாரும் புகையிலையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகும். மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் தன் தொழிலைச் சொல்லவும் தவறவேண்டாம்.

நம் வாசலில் நிற்கும் சைலன்சர்

'எங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். வாசலில் பைக் நிற்கிறதல்லவா? அதன் சைலன்சரும் அதே வெப்பத்தின் தம்பிதான். பெரும்பாலான பைக்குகளில் அது வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளை எப்போதும் இடப்பக்கமாகவே ஏற்றி இறக்குங்கள். வந்து நிறுத்திய வண்டியருகே விளையாட விடாதீர்கள். கெண்டைக்காலில் சுட்டுவிட்டால் பற்பசை, மை, நெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். குழாய் நீரை இருபது நிமிடங்கள் தொடர்ந்து ஓடவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். தோலுக்குள் புகுந்த வெப்பத்தையும் நீரின் வழியே வெளியேற்றத்தான் வேண்டும். அதன்மேல் பூசி அடைத்தால் அது உள்ளேயே நின்று சுடும்.

பழைய காரை அழகாகப் புதுப்பிப்பது நல்ல கலை. அதில் நம் பிள்ளைகள் தேர்ந்து பெயர் பெறட்டும். ஆனால் காரின் குழாய்க்குக் காட்டும் கவனத்தில் பாதியையாவது, அதைத் தொடும் கைகளுக்கும் சுவாசிக்கும் நெஞ்சுக்கும் காட்டுங்கள். பட்டறை நடத்தும் சகோதரர்களே! கையுறைக்கும் முகக்கவசத்திற்கும் ஆகும் சிறு செலவை வேலைக் கூலியோடு சேர்த்துக் கேளுங்கள். பழைய காருக்காக இலட்சங்களைச் செலவிடும் உரிமையாளர் அதை மறுக்கமாட்டார். மறுத்தால், அந்த வேலை நமக்கு வேண்டாம்.